மெருகிட்ட சித்திரமும் மெய்யான துறவியும்

லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாளைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. பக்தர்களுடைய அபிப்பிராயம் ஒன்று: அவர் இனிமையே உருவெடுத்த ஒரு சிறுமி; பாவத்தின் நிழல் படாமல் வளர்ந்து, கடவுளின் மடியில் குழந்தையாய் விளையாடி, பூவைப் போல மலர்ந்து பூவைப் போலவே உதிர்ந்தவர்; அவருடைய மார்க்கம் மிகவும் சுலபமானது, அதில் செல்வோர் அதிகம் யோசிக்கவும் வேண்டியதில்லை, அதிகம் பாடுபடவும் வேண்டியதில்லை. படித்தவர்களுடைய அபிப்பிராயம் மற்றொன்று: பிரெஞ்சு தேசத்து மத்தியதரக் குடும்பமொன்றில் செல்லமாக வளர்ந்த பலவீனமான பெண் ஒருத்தி, உலகத்தைக் காணுமுன்பே மடத்துக் கதவுக்குப் பின்னால் புகுந்துகொண்டு, சில்லறை அசௌகரியங்களை மகத்தான தியாகங்களாக எண்ணித் தேறி, 24 வயதில் க்ஷயரோகத்தால் மாண்டாள், அவளுடைய சகோதரிகள் அவளை விளம்பரம் செய்தார்கள், ரோமாபுரி அந்த விளம்பரத்துக்கு முத்திரையிட்டது. முன்னவர் கைகூப்பிச் சொல்வதைப் பின்னவர் உதட்டைச் சுழித்துச் சொல்கிறார்கள் என்பதைத் தவிர இவ்விரண்டுக்கும் சாரத்தில் யாதொரு பேதமும் இல்லை. இரண்டும் பிழை என்பதே என் வாதம். அதிலும் பக்தியின் பெயரால் செய்யப்படும் பிழையே அதிகக் கேட்டை விளைவித்திருக்கிறது.

இரு திறத்தாரும் வழக்காடுவது ஒரு சுரூபத்தைப் பற்றியே. மண்ணிற உடுப்பும் வெள்ளைப் போர்வையும் தரித்து, பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, வானத்தை நோக்கியும் நோக்காமலும் நிற்கும் அந்தப் பதுமையை உலகத்தின் எம்மூலையிலுள்ள கத்தோலிக்க ஆலயத்திலும் காணலாம். நம் தமிழ்நாட்டிலும் ‘சிறுமலர்’ என்று வழங்கும் அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் இல்லாத பெரிய ஊர் அரிது. அந்த முகம் எவ்வாறு உண்டாயிற்று என்ற சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு அதன்மேல் கோபம் கொள்வதும் கூடாத காரியம், அதை நம்புவதும் கூடாத காரியம். தெரேசம்மாளின் அக்காள் செலின் 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது தம்முடன் ஒரு புகைப்படக் கருவியையும் கொண்டுபோனார். அதனால் எடுக்கப்பட்ட படங்களில் நாம் காண்பது அகன்ற தாடையும், அழுத்தமான உதடுகளும், எதிரே நிற்பவரை அளந்து பார்க்கும் பார்வையும் உடைய ஒரு நார்மண்டி நாட்டுப் பெண். அந்தப் படங்கள் போதாவென்று கருதிய செலினம்மாளே, சித்திரம் தீட்டும் பயிற்சி உடையவராதலால், தங்கையின் முகத்தைத் திருத்தி, மென்மையாக்கி, கண்களை மேலே உயர்த்தி, உலகத்துக்கு வழங்கினார். அசல் படங்கள் ஒருசேர அச்சேறியது 1961-ஆம் ஆண்டில். அதற்குள் பதுமை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

முகத்துக்கு நேர்ந்ததே எழுத்துக்கும் நேர்ந்தது. ‘ஓர் ஆத்துமத்தின் வரலாறு’ என்று பிரசித்தி பெற்ற நூல், அவர் மரித்து ஒரு வருஷம் நிறைவுற்ற அன்று, 1898 செப்டம்பர் 30-ஆம் தேதி, 2000 பிரதிகளாக வெளிவந்தது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நபர்களுக்கு, வெவ்வேறு காரணங்களுக்காக எழுதப்பட்ட மூன்று கையெழுத்துப் பிரதிகளை ஒன்றாக்கி, யாவும் மடத்துத் தலைவி ஒருவருக்கே எழுதப்பட்டன என்று தோன்றும்படி மாற்றி, ஆயிரக்கணக்கான இடங்களில் சொற்களைத் திருத்தி, அந்நூலை ஒழுங்குபடுத்தியவர் மற்றோர் அக்காளாகிய ஆக்னெஸ் தாயார். தங்கைக்குப் பிள்ளைப் பிராயத்தில் எழுத்துக் கற்பித்தவர் அவர். அவள் கையெழுத்துப் பிரதியைத் திருத்தும் உரிமை தமக்கு இன்னும் உண்டென்று அவர் எண்ணியதில் வஞ்சகம் ஏதுமில்லை. தெரேசம்மாளே அதற்கு அனுமதி அளித்திருந்தார். ஆயினும் அசல் பிரதிகளின் நகல் 1956-ல் வெளியான பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை விளங்காமற் போகாது. விளம்பரம் செய்வோர் சிறிய பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது உலக வழக்கம். இங்கேயோ சகோதரிகள் ஒரு பெரிய ஆளைத் தங்கள் வீட்டுக் கூடத்துக்குப் பொருந்துமளவு சிறிதாக்கிக் காட்டினார்கள். ஆகவே ‘விளம்பரத்தால் உண்டான அர்ச்சியசிஷ்டவள்’ என்ற ஏளனம் தலைகீழானது. விளம்பரம் உண்டு; அது மறைத்தது அதிகம்.

இவ்விஷயத்தில் தெரேசம்மாளின் சொந்தத் தீர்ப்பே நமக்குக் கிடைத்திருக்கிறது. மரணப் படுக்கையில் கிடந்த கடைசி ஆகஸ்டு மாதத்தில், தேவமாதாவைப் பற்றிய பிரசங்கங்கள் தமக்குச் சலிப்பூட்டுகின்றன என்றும், அந்த மாதாவை எட்டாத உயரத்தில் நிறுத்தி வியப்பதைவிட, நம்மைப்போல் விசுவாசத்தினால் மட்டுமே வாழ்ந்த அவளுடைய நிஜமான வாழ்க்கையைச் சொல்வதே உத்தமம் என்றும், தாம் குருவாக இருந்திருந்தால் அப்படித்தான் பிரசங்கித்திருப்பதாகவும் அவர் தம் சகோதரிகளிடம் சொன்னார். அவருடைய கீர்த்தியைப் பாடவந்தவர்களில் அநேகர் அவருக்குச் செய்தது, அவர் தேவமாதாவின் விஷயத்தில் ஆட்சேபித்த அதே காரியந்தான்.

இனி, ‘செல்லமாக வளர்ந்தவள்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அலான்சோன் நகரத்தில் 1873 ஜனவரி 2-ஆம் தேதி பிறந்த அவர், ஒன்பது குழந்தைகளில் கடைசிக் குழந்தை; அவருக்கு முன் பிறந்தவர்களில் நால்வர் சிறு பிராயத்திலேயே மாண்டு போயிருந்தனர். அவரும் பிழைப்பது அரிதாயிருந்தமையால், செமல்லே என்னும் கிராமத்தில் ஒரு குடியானவப் பெண்ணிடம் பால்குடிக்க விடப்பட்டு, ஏறக்குறைய ஒரு வருஷ காலம் அங்கே வளர்ந்தார். தாயார் செலி மார்ட்டின், அந்நகரத்துக்கே பேர்போன பின்னல் சரிகை வியாபாரத்தைத் தாமே நடத்தி, வேலைக்காரிகளுக்குக் கூலி கொடுத்து, இரவெல்லாம் கண்விழித்து உழைத்த ஸ்திரீ. மார்பில் புற்றுநோய் கண்டு 1877 ஆகஸ்டில் காலமானார். நாலரை வயதுக் குழந்தை தாய்க்குப் பதிலாகத் தமக்கை பொலினை, அதாவது பின்னாளைய ஆக்னெஸ் தாயாரை, தெரிந்துகொண்டது. அந்தத் தமக்கையும் 1882-ல் மடத்துக்குள் மறைந்தார். அடுத்த வருஷம் அச்சிறுமி கண்ட விநோதமான வியாதி, அதாவது நடுக்கமும் பிதற்றலும் பயங்கரமான தோற்றங்களும், பெந்தெகொஸ்தே திருநாளன்று தேவமாதாவின் சுரூபம் புன்னகை செய்ததாகக் கண்டபோது நீங்கிற்று. பிறகு ஒன்றரை வருஷம் மனச்சாட்சிக் கலக்கம், எதற்கெடுத்தாலும் கண்ணீர், அழுததற்காக மறுபடி அழுகை. செல்லம் இருந்தது மெய். தகப்பனார் அவரைத் தம் ராணி என்றே அழைத்தார். ஆனால் மூன்று முறை தாய் மாறிய குழந்தையைப் பஞ்சணையில் வளர்ந்தவள் என்று வர்ணிப்பவர்கள் குழந்தைகளை அறியாதவர்கள்.

மனோதத்துவ சாஸ்திரிகள் இவ்விடத்தில் முன்வந்து, ‘பார்த்தீர்களா, நரம்புத் தளர்ச்சி!’ என்பார்கள். இத்தனை விவரமும் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? அந்தப் பெண்மணி எதையும் மறையாமல் தாமே எழுதிவைத்த நூலிலிருந்துதான். தன் வியாதியை இவ்வளவு தெளிவாகக் கண்டு, அதன் பெயரையும் போக்கையும் அது நீங்கிய நாளையும் குறித்துவைத்தவரை நோயாளி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 1886-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் இரவு, பூசை கண்டு வீடு திரும்பிய தகப்பனார், குழந்தைகளின் பாதரட்சையில் பரிசு வைக்கும் வழக்கத்தைக் குறித்து, நல்லவேளையாக இதுவே கடைசி வருஷம் என்று சற்றே சலிப்புடன் முணுமுணுத்தது மாடிப்படியில் நின்ற மகளின் காதில் விழுந்தது. எப்போதும்போல் அழுது தீர்க்க வேண்டிய அவர், கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி, தகப்பனாரின் முன்னிலையில் சிரித்த முகத்துடன் பரிசுகளை எடுத்துக் காட்டினார். சம்பவம் அற்பந்தான், அதைத் தம் மனந்திரும்புதல் என்று பெயரிட்டு அழைக்கத் துணிந்தது அற்பமன்று. அந்த இரவுக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குள் அவர் எதில் கைவைத்தார் என்று பாருங்கள்.

பாரிஸ் நகரத்தில் 1887 மார்ச் மாதம் பிரான்சினி என்பவன் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கழுத்தறுத்துக் கொன்றான். பத்திரிகைகள் அவனை மிருகமாகச் சித்திரித்தன. அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, பச்சாதாபப்படவும் இல்லை. பதினாலு வயதுச் சிறுமி அவனைத் தன் பிரார்த்தனைக்கு உரியவனாகத் தெரிந்துகொண்டு, அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்து, ஓர் அடையாளத்தைத் தரும்படி கடவுளிடம் கேட்டாள். அவன் ஆகஸ்டு 31-ஆம் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டான். மறுநாள், வீட்டில் பத்திரிகை வாசிக்கக் கூடாதென்ற கட்டளையைப் பொருட்படுத்தாமல் அவள் ‘லா க்ருவா’ பத்திரிகையை விரித்து, கடைசி நிமிஷத்தில் அவன் குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை வாங்கி முத்தமிட்டான் என்ற செய்தியைக் கண்டாள். அவனைத் தன் முதற் பிள்ளை என்று அழைத்தாள். மெய்யாகவே அவன் மனந்திரும்பினானா என்று ஐயுறுவோர் ஐயுறட்டும். கவனிக்க வேண்டியது வேறு: ஆசாரமான குடும்பத்துப் பெண் பிள்ளைகள் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் பிரார்த்தித்த காலத்தில், எவரும் பெயர் சொல்லக் கூசிய கொலைஞன் ஒருவனைத் தெரிந்தெடுத்த அந்த மனோபாவத்தை ‘மென்மை’ என்ற சொல்லால் வர்ணிக்க இயலாது.

அதே வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி ரோமாபுரியில் நடந்ததும் அவ்விதமே. பதினைந்து வயதில் கார்மேலில் சேர மடத்துக்குப் பொறுப்பான குருவானவர் அனுமதி மறுத்தார். பாயே மேற்றிராணியார் பிடிகொடாமல் அனுப்பினார். யாத்திரிகர் ஒருவரும் பாப்பரசரிடம் வாய்திறக்கக் கூடாதென்று விசேஷக் கட்டளை பிறப்பிக்கப்பட்டிருக்க, தெரேசம்மாள் 13-ஆம் சிங்கராயரின் முழங்கால்மேல் கைகளை வைத்துத் தம் விண்ணப்பத்தைச் சொன்னார். கடவுள் சித்தமானால் நடக்கும் என்ற பொதுவான பதில் வந்தபோதும் எழுந்திருக்க மறுத்தார். காவலர் இருவர் அவரைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. மேலதிகாரிகளின் சொல்லைத் தட்டாத சாதுவான சிறுமி என்று மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் காட்சியை எப்படி விளக்குகிறார்களோ, நான் அறியேன்.

1888 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர் மடம் புகுந்தார். தமக்கைமார் இருவர் முன்னமே அங்கிருந்தமையால், வீட்டைவிட்டு வீட்டுக்குப் போனதைப் போலத்தானே என்று கேட்பவர் உண்டு. அவரோ அந்த உறவைச் சுகித்துக்கொள்ள மறுத்தார். தமக்கைமாரோடு பேசக் கிடைத்த சந்தர்ப்பங்களைக்கூட விட்டு விலகினார். ஒரே குடும்பத்தவர் மிகுதியாக மடத்து ஆலோசனை சபையில் இருக்கலாகாதென்ற விதியினால், வார்த்தைப்பாடு கொடுத்த பிறகும் அவருக்கு அச்சபையில் இடமில்லை; கடைசிவரை நவசந்நியாசிகளின் பகுதியிலேயே இருந்தார். நார்மண்டி தேசத்துக் குளிர்காலத்தில் ஒரே ஓர் அறையில் மட்டும் கணப்பு எரிந்த மடம் அது. சேர்ந்த மறு வருஷமே, அவரை ராணி என்றழைத்த தகப்பனாருக்குப் புத்தி பேதலித்தது. 1889 பெப்ரவரியில் கான் நகரத்துப் பைத்தியசாலையில் விடப்பட்ட அவர் மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மடத்துக்கு ஓடியதால்தான் கிழவருக்குச் சித்தம் கலங்கிற்று என்று ஊர் பேசிற்று. அப்பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டி அவருடைய செவிக்கும் எட்டிற்று. உலகத்தைக் காணுமுன் ஒளிந்துகொண்டவராம்! பதினாறு வயதில் இதைவிட அதிகமாக உலகம் எவருக்கு என்ன காட்டும்?

மடத்துக்குள் அவர் பட்ட சில்லறைத் தொல்லைகளைக் கேலி செய்வது எளிது. தியான வேளையில் அருகிலிருந்த சகோதரி இடைவிடாமல் செய்த சிறு ஓசை, துணி துவைக்கையில் எதிரே நின்றவள் கவனமின்றி முகத்தில் தெறித்த அழுக்குத் தண்ணீர், சாப்பாட்டறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்போது எப்படிப் பிடித்தாலும் குறைகூறிய முடக்குவாதக் கிழவி: இவைதாமா தபசு என்று கேட்கிறார்கள். அவ்வாறு கேட்பவர்கள், சுமார் 25 பேர் ஒரே கூரையின்கீழ், சாகும்வரை வெளியேற வழியின்றி, ஒருவரை ஒருவர் தெரிந்தெடுக்காமல் சேர்ந்து வாழ்வதென்றால் என்னவென்று ஒரு நிமிஷம் யோசித்தால் நலம். தமக்கு இயல்பாகவே பிடிக்காத ஒரு சகோதரியிடம் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு, என்னிடத்தில் உன்னை இவ்வளவு கவர்ந்தது எது என்று அச்சகோதரியே கேட்டாள். இந்த நிகழ்ச்சியைப் பக்திப் புத்தகங்கள் இனிமைக்கு உதாரணமாக எடுத்துக் காட்டுகின்றன. எனக்கோ இதில் தெரிவது இரும்பு. தம் வெறுப்பை உணர்ந்து, அதை மறுக்காமல், அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வார்க்காமல் வருஷக்கணக்காக வைத்திருக்கும் ஆற்றல் மென்மையான சுபாவங்களுக்கு உரியதன்று. நவகன்னியரைப் பழக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோதும் இதே கண்டிப்பைக் காண்கிறோம். அடிக்கடி அழுத ஒருத்தியிடம் சித்திரச் சாயம் வைக்கும் கிளிஞ்சிலைக் கொடுத்து, இனி அழுதால் கண்ணீரை இதில் பிடித்துக் காட்டு என்றார். பிடிக்க முயன்ற பெண்ணுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ‘சுலபமான மார்க்கம்’ என்ற பிழை. இதை மறுப்பதற்கு, அக்காலத்துப் பிரெஞ்சு கத்தோலிக்கரின் பக்தி எப்படி இருந்தது என்பதை அறிவது அவசியம். ஜான்செனியம் என்ற கடுங்கோட்பாடு திருச்சபையால் கண்டிக்கப்பட்டு நெடுங்காலமாகியும், அதன் குளிர் மடங்களையும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளையும் விட்டு நீங்கவில்லை. கடவுள் நீதிபதி, ஆன்மா கடன்பட்டவன், புண்ணியங்கள் வரவு, குற்றங்கள் செலவு, திவ்விய நற்கருணை நன்னடத்தைக்குக் கிடைக்கும் வெகுமதி, ஆகவே அடிக்கடி அணுகலாகாது. தேவ நீதியின் கோபத்தைத் தங்கள்மேல் ஏற்று, பாவிகளுக்கு வரவேண்டிய தண்டனையைத் தாங்கள் அனுபவிக்கும்படி தங்களைப் பலியாக ஒப்புக்கொடுப்பது கார்மேல் கன்னியரிடையே பெரிய புண்ணியமாக மதிக்கப்பட்டது. தெரேசம்மாள் 1895 ஜூன் 9-ஆம் தேதி தம்மை ஒப்புக்கொடுத்தது நீதிக்கன்று; இரக்கமுள்ள அன்புக்கு. ஏற்பாரில்லாமல் தேங்கி நிற்கும் அன்புக்கு இடங்கொடுக்க ஒருவராவது வேண்டாமா என்பது அவர் கேள்வி. இது ஒரு குழந்தையின் கொஞ்சல் என்று எண்ணுவோர், அந்த ஒரே ஒரு மாற்றத்தினால் அக்காலத்து ஞான சாஸ்திரத்தின் அஸ்திவாரமே பெயர்ந்துபோவதைக் காணாதவர்கள். கணக்குப் புஸ்தகம் மூடப்படுகிறது. மறுமையில் வெறுங்கையுடன் கடவுள்முன் நிற்கவே விரும்புகிறேன் என்று அவர் துணிந்து எழுதுகிறார். லுத்தர் சொன்னதற்கு இது எவ்வளவு தூரம் என்று கேட்ட வேத சாஸ்திரிகளும் பின்னாளில் உண்டு. கேள்வியாவது மரியாதையான கேள்வி.

இந்தக் கொள்கை வானத்திலிருந்து விழவுமில்லை. அலெக்ஸிஸ் புரூ என்னும் பிரான்சிஸ்கு சபைக் குரு 1891-ல் கொடுத்த தியானத்தில் தம் குறைகள் கடவுளை வருந்தச் செய்வதில்லை என்று கேட்டறிந்து, பல வருஷத்து அச்சம் நீங்கி, நம்பிக்கையின் அலைகளில் பாய்விரித்தார் தெரேசம்மாள். இளங்கன்னியரின் கையில் முழு வேதாகமம் கொடுக்கப்படாத மடத்தில், செலினம்மாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நோட்டுப் புத்தகங்களில் பிரதி செய்யப்பட்டிருந்த பழைய ஏற்பாட்டு வாக்கியங்களைத் துருவினார். சிறியவன் என்னிடம் வரட்டும் என்ற கருத்துள்ள நீதிமொழி வாக்கியத்தையும், தாய் மடியில் தாலாட்டப்படுவதைப் பற்றிய இசையாஸ் தீர்க்கதரிசியின் வாக்கியத்தையும் ஒன்றோடொன்று பொருத்தித் தம் மார்க்கத்தை நிலைநாட்டினார். யாத்திரையின்போது கண்ட லிப்ட் என்னும் புது யந்திரத்தை, படியேற மாட்டாதவனைத் தூக்கிச் செல்லும் தேவனின் கரங்களுக்கு உவமையாக்கத் தயங்காத புத்தி அது. குருவாக இருந்திருந்தால் எபிரேயமும் கிரேக்கமும் கற்று மூலத்திலேயே வேதத்தை வாசித்திருப்பேன் என்றும் சொன்னார். முட்கள் பதித்த சிறிய இரும்புச் சிலுவையை அணிந்து நோய்ப்பட்ட அனுபவத்திலிருந்து, இத்தகைய தவங்கள் தமக்கும் தம்மைப் போன்ற சிறிய ஆத்துமங்களுக்கும் விதிக்கப்பட்டவையல்ல என்று முடிவுகட்டினார். தியானத்தில் தூங்கிப்போவதைப் பற்றியும் பதறவில்லை. துன்பத்தைத் தேடி ஓடிய விகாரம் என்று அவரைக் குறைசொல்வோர் இவற்றைப் படிக்காமற் குறை சொல்லுகிறார்கள்.

இதில் சுலபம் எங்கே இருக்கிறது? தபசு செய்பவனுக்குத் தன் தபசாவது கையிலிருக்கும். பகலில் தளர்ந்தால் இரவில் எண்ணிப் பார்த்துத் தேறுவான். எதையும் கையில் வைத்துக்கொள்ளாத ஆத்துமத்துக்கு நம்பிக்கை ஒன்றே மிச்சம். அந்த நம்பிக்கையை ஆதரிக்கும் உணர்ச்சியும் விலகிவிட்டால் என்னவாகும் என்பதே அவருடைய கடைசிப் பதினெட்டு மாதங்களின் சரித்திரம்.

1896-ஆம் வருஷம் பெரிய வியாழன் இரவு, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, வாய்க்குள் ஏதோ வெதுவெதுப்பாகப் பொங்கிற்று. இரத்தமென்று ஊகித்தும், விளக்கேற்றிப் பார்க்காமல் விடியுமட்டும் பொறுத்திருந்தார். மரணம் அருகில் வந்த செய்தியில் அவருக்கு ஆனந்தமே உண்டாயிற்று. அந்த ஆனந்தம் சில நாள்தான் நிலைத்தது. பாஸ்கு காலத்திலேயே மோட்சத்தைப் பற்றிய எண்ணம் முழுவதும் இருண்டுபோயிற்று. அதுவரையில், கடவுளை மறுப்பவர்கள் தங்கள் உள்ளத்துக்கு விரோதமாகவே அவ்வாறு பேசுகிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார். விசுவாசமற்றவர்கள் மெய்யாகவே இருக்கிறார்கள் என்பதை இப்போது உள்ளேயிருந்து அறிந்தார். மரணத்துக்கு அப்பால் இன்னும் கருமையான இரவு, சூனியத்தின் இரவு, உண்டென்று பரிகசிக்கும் குரலைத் தாம் கேட்டதாக எழுதினார். மேலும் எழுதினால் தேவதூஷணமாகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டார். அவநம்பிக்கையுள்ளோரின் கசப்பான பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து, அவர்களைத் தம் சகோதரர் என்றழைத்து, எல்லோருக்காகவும் சேர்த்து இரக்கத்தை இறைஞ்சினார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கடவுளை மறுத்த நீட்சே இன்னும் உயிரோடிருந்த காலம் அது; ஐரோப்பியப் பண்டிதர்கள் புஸ்தகங்களில் எழுதிக்கொண்டிருந்த கேள்வியை, நார்மண்டி மடத்தில் ஒரு பெண் காய்ச்சலோடு சுமந்துகொண்டிருந்தாள். ‘எளிய விசுவாசம்’ என்று புகழ்வோரும் இகழ்வோரும் இவ்வத்தியாயத்தை எடுத்துப் படித்த பிறகு பேசட்டும்.

அவ்விருட்டின் நடுவே ஒரு கேலிக்கூத்தும் நிகழ்ந்தது. லெயோ தாக்ஸில் என்ற புரட்டன், சாத்தானை வணங்கும் கூட்டத்திலிருந்து மனந்திரும்பியவளாக டயானா வாகன் என்றொரு பெண்ணைக் கற்பனை செய்து, பிரான்சு தேசத்துக் கத்தோலிக்கரைப் பல வருஷம் ஏமாற்றி வந்தான். லிசியே மடமும் நம்பிற்று; ஜோன் ஆப் ஆர்க் வேஷந்தரித்த தெரேசம்மாளின் படமொன்று அவளுக்கு அனுப்பப்பட்டது. 1897 ஏப்ரல் 19-ஆம் தேதி பாரிஸில் கூடிய சபையில் தாக்ஸில் தன் புரட்டைத் தானே வெளியிட்டுக் கைகொட்டிச் சிரித்தபோது, மேடையில் ஒளியால் பெரிதாக்கிக் காட்டப்பட்டது அந்தப் படமே. விசுவாசம் இருண்டு கிடந்த ஒருவருக்கு இதைவிடக் குரூரமான பரிகாசம் தேவையில்லை. வந்த கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் எறிந்தார். அதைப்பற்றிப் புலம்பி ஒரு வரியும் விட்டுச் செல்லவில்லை.

மரணமும் பூ உதிர்ந்தாற்போல் நிகழவில்லை. சுவாசப்பை அழிந்து, குடலும் அழுக ஆரம்பித்து, மூச்சுத் திணறிய வாரங்களில் மடத்துத் தலைவி சம்மதியாமையால் மார்பியா ஊசி போடப்படவில்லை. விஷமுள்ள மருந்துகளை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள் என்று தமக்கையைத் தெரேசம்மாள் எச்சரித்தார். விசுவாசம் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு கணமும் தயங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பேன் என்றார். செப்டம்பர் 30-ஆம் தேதி சாயந்தரம் உயிர் பிரிந்தது. அதற்குச் சில காலம் முன்னே, இவளைப் பற்றி இரங்கற் கடிதத்தில் எழுத நம் தலைவிக்கு என்னதான் அகப்படும் என்று சமையலறைப் பக்கம் பேசிக்கொண்டார்களாம்.

‘அவள் என்ன செய்தாள்?’ என்ற அக்கேள்வியைப் படித்தவர்கள் இன்னும் கேட்கிறார்கள். 11-ஆம் பத்திநாதர் 1925-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்து, 1927 டிசம்பர் 14-ஆம் தேதி வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக அர்ச். சவேரியாருக்குச் சரிசமமாக நிறுத்தினார். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வெறுங்காலுடன் நடந்து, ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கைசோர்ந்த சவேரியாருக்கு, ஒரு நாளும் மடத்துக் கதவைத் தாண்டாதவர் இணையாம். 1997-ல் இரண்டாம் அருள் சின்னப்பர், அவிலா தெரேசம்மாளுக்கும் சியென்னா கத்தரீனம்மாளுக்கும் அடுத்து மூன்றாவது பெண்ணாக அவரை மறைவல்லுநர் வரிசையில் வைத்தார். பட்டங்கள் வாதமாகா என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பட்டம் பெறாத ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

மொரீஸ் பெல்லியேர் என்ற குருமாணவர் தமக்காகப் பிரார்த்திக்க ஒரு சகோதரி வேண்டுமென்று மடத்துக்கு எழுதினார். தலைவி தெரேசம்மாளை நியமித்தார். தம் பழைய குற்றங்களை எண்ணி நடுங்கிய அந்த வாலிபருக்கு, கையெழுத்து நடுங்கும் நிலையிலும் அவர் எழுதிய கடிதங்கள், குற்றஞ் செய்த பிள்ளை தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொள்வதைத் தவிர வேறு பரிகாரம் தேட வேண்டாமென்று வாதாடுகின்றன. பெல்லியேர் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே நிலைக்க மாட்டாமல், உடலும் மனமும் சிதைந்து திரும்பினார். 1907-ல், 33 வயதில், தெரேசம்மாளின் தகப்பனார் கிடந்த அதே கான் நகரத்துப் பைத்தியசாலையில் மாண்டார். பிரார்த்தித்தவர்மேல் ரோஜா மழை பொழிந்த கதைகளை அச்சிடும் பக்தர்கள் இவரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. ஏளனம் செய்வோருக்கு இவர் பெயரே தெரியாது. வரவுசெலவுக் கணக்கில் பெல்லியேர் நஷ்டமென்றே எழுதப்படுவார். அந்தக் கணக்குப் புஸ்தகத்தைத்தான் தெரேசம்மாள் மூடச் சொன்னார், அவருக்கே எழுதிய கடிதங்களில்.